இரண்டு மீனுக்கான இரை

ஆகஸ்ட் 18

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள் அத்தான். வீடு இப்போதுதான் அடங்கியது. ஜியானா புரண்டு புரண்டு படுத்து ஒருவழியாகத் தூங்கினாள். தூங்கிய பிறகும் மூச்சு சரியாக வருகிறதா என்று மூக்கடியில் விரலை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுந்து வந்தேன். நீங்கள் இருந்தால் "அவ தூங்குதாளா, நீ காவல் காக்கியா" என்று கேட்பீர்கள்.

போனில் எழுதி எழுதிப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் ஒற்றை டிக்தான். அதனால் உங்கள் மேசையில் கிடந்த இந்த டைரியில் எழுதுகிறேன். வந்ததும் வரிசையாகப் படித்துக்கொள்ளலாம்.

பதினொன்றாம் தேதி காலையில் மும்பை ஆபீஸிலிருந்து ஒரு பெண் பேசினாள். "மேடம், பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா?" என்று கேட்டாள். என் மகள் இருக்கிறாள் என்றேன். பெரியவர்கள் யாராவது என்றாள். ஃபிட்டர் டெனிசன் காலை டூட்டிக்கு வரவில்லை, கேபினில் இல்லை, கப்பல் முழுக்கத் தேடியாயிற்று, கப்பலைத் திருப்பி வந்த வழியே கடலிலும் தேடுகிறார்கள் என்று சொன்னாள். பிறகு நான் ஏதோ கேட்டேன், அவள் ஏதோ சொன்னாள். எதுவும் நினைவில் இல்லை.

தேடுகிறார்கள். உங்கள் தம்பி ரூபிஸ்டன் தினமும் ஆபீஸுக்குப் பேசுகிறார். "தேடுதாங்க மதினி" என்று தினமும் சொல்கிறார்.

மீனைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். நீங்கள் கிளம்பும்போது சொன்ன அளவுதான் போடுகிறேன். காலையில் உறைந்த ஆர்ட்டீமியாப் பொடியிறால் கட்டியில் ஒரு சுண்டுவிரல் நகம் அளவு கிள்ளி, தொட்டித் தண்ணீரிலேயே கரைத்து. சாயங்காலம் ஒரு சிட்டிகை குருணைத் தீவனம். உங்கள் சுண்டுவிரல் நகமா என்னுடையதா என்று கேட்டதற்கு, "ரெண்டுக்கும் நடுவுல போடு, ரெண்டு மீனுக்கும் சரியா இருக்கும்" என்றீர்கள். அப்படியே செய்கிறேன். பெரியவள் முதலில் வந்து வாயில் வாங்கிக்கொள்கிறாள். சின்னவன் அவள் வயிற்றுக்குக் கீழே ஒதுங்கி நின்று, தவறி விழுவதைப் பொறுக்குகிறான். எல்லாம் நீங்கள் விட்டுப்போன மாதிரியே இருக்கிறது.

ஆகஸ்ட் 20

ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். எதற்கு வருகிறார்கள் என்று நான் கேட்டுவிட்டேன். மாமி என் வாயைப் பொத்தாத குறை. "ஏளா, வந்தவங்கள அப்படிக் கேக்கப்படாது" என்கிறார்கள். யாரும் சாகாத வீட்டில் ஏன் செருப்பை வாசலுக்கு வெளியே இவ்வளவு தூரத்தில் கழற்றிப்போடுகிறார்கள்? ஏன் எல்லோரும் மெதுவாகப் பேசுகிறார்கள்? அடுத்த தெருவிலிருந்து சோறு வருகிறது, பருப்பு வருகிறது, ரசம் வருகிறது. நம் அடுப்பை யாரும் பற்றவைக்க விடுவதில்லை.

வந்தவர்களுக்கு என் முகத்தைப் பார்க்க முடியவில்லை, மாமி முகத்தையும் பார்க்க முடியவில்லை. அதனால் எல்லோரும் தொட்டியைப் பார்க்கிறார்கள். கீழ்வீட்டு அக்கா, உங்கள் சித்தி, கோயில் பங்கிலிருந்து வந்தவர்கள், அவர்கள் கூட்டி வந்த பிள்ளைகள். "ரெண்டும் எவ்வளவு அழகு பாரு, வெள்ளப் பட்டை பட்டையா." பிறகு கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. தீவன டப்பாவைத் திறந்து ஒரு சிட்டிகை போடுகிறார்கள். அடுத்தவர் வந்ததும் அவரும் ஒரு சிட்டிகை. சித்தி பிஸ்கட்டைப் பொடித்துப் போட்டதை நான் பார்த்தேன். பார்த்தும் எழுந்து போகவில்லை. எழுந்துபோய் வேண்டாம் என்று சொல்ல ஒரு உடம்பு வேண்டும், அது என்னிடம் இல்லை.

ஜியானாதான் கத்தினாள். "அப்பா வந்தா ஏசுவாங்க." அதைக் கேட்டு ஒருத்தி அழுதாள்.

ஆகஸ்ட் 21

தண்ணீர் கலங்கலாக இருக்கிறது. ரூபிஸ்டனிடம் புதுக் கடல்தண்ணீர் கேட்டிருக்கிறேன். நாளை வள்ளத்தில் போய் ஆழத்தில் எடுத்துவருவதாகச் சொன்னார்.

பெரியவள் சாயங்காலம் இரைக்கு வரவில்லை.

ஆகஸ்ட் 22

மீன் இரண்டும் நலம்.

ஆகஸ்ட் 29

சாயங்காலம் மொட்டைமாடிக்குப் போய் மல்லிகைத் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றினேன். மண் கொஞ்சம் இறங்கியிருந்தது, மேலே அள்ளிப் போட்டு அழுத்திவிட்டேன்.

ஜியானா பள்ளிக்கூடத்துக்குப் போக ஆரம்பித்துவிட்டாள். யூகேஜி மிஸ் நல்லவர். டிபன் டப்பா மட்டும் அப்படியே திரும்பி வருகிறது.

தொட்டித் தண்ணீர் இப்போது தெளிந்துவிட்டது. நீங்கள் சொன்ன அளவையே போடுகிறேன், குறைக்கவில்லை. அடியில் தங்குகிற மிச்சத்தை டியூப் வைத்து உறிஞ்சி வெளியே எடுத்துவிடுகிறேன். பாதிக்குப் பாதி மிச்சம் விழுகிறது.

செப்டம்பர் 6

ஜியானா இன்று நேராகக் கேட்டாள். "அம்மா, பெரியவ எங்க?"

"பாறைக்குப் பின்னால இருக்கா."

"அங்க இல்ல. டார்ச் அடிச்சுப் பாத்துட்டேன்."

என் வாயிலிருந்து இப்படி வந்தது: "கப்பலுக்குப் போயிருக்கா. வருவா."

அவள் கொஞ்ச நேரம் கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு, "அவளுக்கும் ஒத்த டிக்தானா?" என்று கேட்டாள்.

நான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டேன்.

இதை நீங்கள் படிக்கும்போது சிரித்துவிடுவீர்கள் என்று நினைத்துத்தான் எழுதுகிறேன். வேறு எதுவும் இல்லை. எல்லாம் நன்றாக இருக்கிறது.

செப்டம்பர் 15

உங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்த புதிதில் மாமி சொல்லிக்கொடுத்த முதல் விஷயம், கப்பலில் இருக்கிற ஆம்பிளைக்கு வீட்டுக் கெட்டதைச் சொல்லக் கூடாது என்பது. அங்கிருந்து அவனால் வர முடியாது, நினைத்து நினைத்து வேலையில் கவனம் போய்விடும். உங்கள் அப்பா சரக்குத் தோணியில் போயிருந்தபோது அவருடைய அம்மா இறந்துபோனார்களாம். மாதக்கணக்கில் மாமி கடிதத்துக்குக் கடிதம் "அத்தை சுகம்" என்று எழுதிப் போட்டிருக்கிறார்கள். அவர் திரும்பி வந்து வாசற்படியில் காலை வைத்த பிறகுதான் சொன்னார்களாம். "படியத் தாண்டட்டும்னு இருந்தேன். தாண்டவும் சொன்னேன்."

எனக்கு அப்போது அது கொடுமையாகப் பட்டது. ஆனால் ஜியானாவுக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, வீடியோ காலில் நானும் உங்களிடம் "லேசா சளி, அதான் தூங்குதா" என்றுதான் சொன்னேன். ஆஸ்பத்திரிச் சுவர் தெரியாமல் இருக்கப் பின்னால் ஒரு துண்டைக் கட்டித் தொங்கவிட்டிருந்தேன். நீங்கள் வந்த பிறகு தெரிந்து ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. மறுநாள் காப்பியைக் கையில் வாங்கிக்கொண்டு, "நல்லவேள சொல்லல" என்றீர்கள்.

இப்போதும் அப்படித்தான். இந்த டைரியில் சுகம் என்று எழுதியிருந்தால் சுகம்தான் அத்தான். மிச்சத்தை நீங்கள் படியைத் தாண்டியதும் சொல்கிறேன்.

செப்டம்பர் 27

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். இது கெட்ட செய்தி இல்லை.

சின்னவன் வளர்ந்திருக்கிறான். இவ்வளவு நாளும் தொட்டிக்குள் இருக்கிற பானை ஓட்டுக்கு வெளியே படுத்தவன், இப்போது உள்ளே பெரியவள் இடத்தில் படுக்கிறான். இரை போட்டால் ஒதுங்கி நிற்பதில்லை. நேராக மேலே வந்து என் விரல் நுனியிலிருந்து எடுத்துக்கொள்கிறான். உடம்பு அகன்று, ஆரஞ்சு நிறம் கருத்து வருகிறது.

நான் விலங்கியல் படித்தவள். கல்யாணமான புதிதில் உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன்: இந்தக் கோமாளி மீனில் எல்லாமே ஆணாகத்தான் பிறக்கும், இருப்பதில் பெரியது ஒன்றுதான் பெண்ணாகும், அது போய்விட்டால் அடுத்து இருக்கிற ஆண் பெண்ணாக மாறி அதன் இடத்துக்கு வந்துவிடும், மாறினால் திரும்ப ஆணாகாது. நீங்கள் தரையில் உட்கார்ந்து கேனிலிருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தீர்கள். "அப்போ நான் கப்பல்ல இருக்கறப்ப நீதான் அப்பனா?" என்றீர்கள். "மீசை மட்டும் வைக்காத." நான் ஈரத்துணியை உங்கள் மேல் எறிந்தேன்.

எனக்கு இது பிடிக்கவில்லை. நீங்கள் வரும்போது சின்னவன் சின்னவனாகவே இருக்க வேண்டும்.

அக்டோபர் 5

ஜியானாவுக்குப் பால்பல் விழுந்தது. அப்பாவிடம் காட்ட வேண்டும் என்று தீப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறாள்.

அக்டோபர் 12

மாமி கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே பேச்சை எடுத்தார்கள். கல்லறைத் திருநாள் வருகிறது, பூசையில் வாசிக்கப் பெயர்களை முன்கூட்டியே கோயிலில் கொடுக்க வேண்டும்.

"மாமா பேரு, உங்க அத்த பேரு எல்லாம் வழக்கம்போலக் குடுத்துருங்க மாமி."

"அது குடுத்துட்டேன்."

கத்தியை வைத்துவிட்டார்கள். நான் காயை எடுத்து நறுக்க ஆரம்பித்தேன்.

"அவன் பேரையும் குடுக்கணும்லா."

"உயிரோட இருக்கறவங்க பேர வாசிப்பாங்களா மாமி?"

மாமி சேலைத் தலைப்பால் உதட்டைத் துடைத்தார்கள். "நான் அவனப் பெத்தவ, ஃபெபி. எனக்கு மட்டும் குடுக்கணும்னு ஆசையா?" என்றார்கள். "அவனுக்குன்னு ஒரு செபம் சொல்ல எங்க போய் நிக்கன்னு தெரியாம நிக்கேன். மண்ணு இருந்தா மண்ணுல போய் உக்காருவேன்."

"தேடிக்கிட்டு இருக்காங்க. ரூபிஸ்டன் தம்பி தினமும் சொல்லுறாங்க."

மாமி என்னைப் பார்த்தார்கள். பிறகு துணி எடுக்க எழுந்து வெளியே போனார்கள். கொடியில் துணியே இல்லை. காலையிலேயே நான் எடுத்து மடித்து வைத்துவிட்டேன்.

நான் சம்மதிக்காமல் கொடுக்க மாட்டேன் என்று மட்டும் உள்ளே வந்து சொன்னார்கள். நான் சம்மதிக்க மாட்டேன். மீன் இரண்டும் உயிரோடு இருக்கிற வரைக்கும் நீங்கள் இருக்கிறீர்கள் என்று நான் நினைத்துக்கொண்டதை யாரிடமும் சொன்னதில்லை. டிகிரி வாங்கியவள் நினைக்கிற நினைப்பா என்று நீங்கள் கேட்பீர்கள்.

அக்டோபர் 19

மழை பிடித்துக்கொண்டது. ரூபிஸ்டன் தண்ணீர்க் கேன்களோடு நனைந்துகொண்டே மாடியேறி வந்தார். "கடல் கலங்கிக் கிடக்கு மதினி. இத ரெண்டு நாள் அசையாம வச்சு, மேல தெளிஞ்சதை மட்டும் எடுங்க. இனி மழை விடாம எடுக்க முடியாது."

துண்டு கொடுத்தேன். காப்பி கொடுத்தேன். கேன் மூடியைத் திறந்தால் வாசனை வந்தது. நீங்கள் தண்ணீர் எடுத்துவந்த நாட்களில் உங்கள் சட்டையில் இருந்த அதே வாசனை. எல்லாம் ஒரே கடல்தானே அத்தான், அங்கே இருக்கிற தண்ணீர்தானே சுற்றி இங்கேயும் வரும் என்று ஒரு நினைப்பு வந்தது. உடனே மூடியை மூடிவிட்டேன்.

"இப்ப எந்தப் பக்கம் தேடுறாங்க?" என்று கேட்டேன்.

"தேடுதாங்க மதினி."

"அது தெரியுது. எந்தப் பக்கம்?"

அவர் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். துண்டை மடித்தார், மறுபடி விரித்தார். உங்களைப் போலவே அவருக்கும் பொய் சொல்லும்போது காது சிவக்கிறது.

"மதினி, தேடுறத எப்பவோ விட்டுட்டாங்க. மூணாம் நாளே கப்பல் அது பாட்டுக்குப் போயிட்டு."

"இவ்வளவு நாளும் பேசுறேன் பேசுறேன்னு சொன்னீங்களே."

"பேசத்தான் செஞ்சேன். வேற விஷயம். காகிதம், கையெழுத்து. நீங்க தாங்க மாட்டீங்கன்னு அம்மாதான் சொல்லாதன்னாங்க."

"நான் என்ன கப்பல்லயா இருக்கேன், எங்கிட்ட சொல்லாம இருக்க?"

இவ்வளவு சத்தமாக நான் யாரிடமும் பேசியதில்லை. ஜியானா உள்ளேயிருந்து ஓடி வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ரூபிஸ்டன் அவளைத் தூக்கப் போனார், அவள் விலகிக்கொண்டாள். அவர் ஈரச் சட்டையோடேயே படியிறங்கிப் போனார்.

தேடவில்லை என்றால் இல்லை என்று அர்த்தமா? வேறு கப்பல் எடுத்திருக்கலாம். தீவு இருக்கலாம். பேச முடியாத இடமாக இருக்கலாம். இப்படியெல்லாம் நடந்திருக்கிறது.

அக்டோபர் 21

பஸ் பிடித்து அந்தக் கடல்மீன் கடைக்குப் போனேன். நீங்கள் இந்த இரண்டையும் வாங்கிய கடைதான். எதற்குப் போனேன் என்று எழுத மாட்டேன். உங்களுக்கே தெரிந்திருக்கும், தெரியாத மாதிரி இருந்துகொள்ளுங்கள்.

கடைக்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "சார் எப்ப வாராரு?" என்றார். பெரிய மீனாக ஒன்று வேண்டும், நன்றாக வளர்ந்த பெண் மீனாக, என்றேன்.

"ஜோடி சேக்கவா? வீட்ல இருக்கறது என்ன சைசு?"

"சின்னது. கட்டைவிரல் நீளம்தான்."

"சின்னதுன்னா பிரச்சினை இல்ல. அடங்கிப் போயிரும்."

வாங்கி வந்தேன். பையோடு தொட்டியில் மிதக்கவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டித் தண்ணீரைப் பைக்குள் ஊற்றி, நீங்கள் செய்கிற மாதிரியே பொறுமையாகச் செய்தேன். புதியவள் பெரியவளைப் போலவே இருக்கிறாள். இடது பக்கத்து வெள்ளைப் பட்டை மட்டும் கொஞ்சம் ஒடிந்திருக்கிறது. யார் கவனிக்கப் போகிறார்கள்.

ஜியானா பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும், "பாரு, கப்பல்லேருந்து வந்தாச்சு" என்றேன்.

அவள் பையைக் கூடக் கழற்றாமல் பார்த்தாள். சிரிக்கவில்லை.

அக்டோபர் 22

நான் கடைக்காரரிடம் பொய் சொன்னேன். சின்னவன் கட்டைவிரல் நீளம் இல்லை. எப்போதோ தாண்டிவிட்டான்.

காலையில் இரை போட்டதும் இரண்டும் மேலே வந்தன. அடுத்த நொடி சின்னவன் திரும்பிப் புதியவள் விலாவில் மோதினான். விரட்டி விரட்டிக் கடித்தான். அவள் துடுப்பு நூல் நூலாகக் கிழிந்துபோய், ஹீட்டருக்குப் பின்னால் மூலையில் தலைகீழாக ஒடுங்கி நின்றாள். நான் கரண்டியை இடையில் விட்டுத் தடுத்தேன். கரண்டியையும் கடித்தான். ஒரு தொட்டிக்குள் இரண்டு பெண் இருக்காது. பரீட்சைக்கு எழுதி மார்க் வாங்கிய பாடம். சின்னவன் பெண்ணாக மாறிவிட்டதென்று எனக்குத் தெரியும். செப்டம்பரிலேயே தெரியும்.

வலையைத் தேடிக்கொண்டு, பிளாஸ்டிக் வாளியைத் தேடிக்கொண்டு, எது எங்கே இருக்கிறதென்று தெரியாமல் அழுதுகொண்டே வீட்டைச் சுற்றினேன். ஜியானா வலையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள்.

"அத வெளிய எடும்மா. அதுக்கு இங்க இடமில்ல."

எடுத்து வாளியில் விட்டேன். ஏர்ப்பம்பைப் போட்டேன். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து வாளிக்குள் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போது அவள் சொன்னாள், சாதாரணமாக, ஹோம்வொர்க் முடித்துவிட்டேன் என்று சொல்வது மாதிரி:

"பெரியவ செத்துப் போச்சுன்னு எனக்குத் தெரியும். நீ மல்லிகைத் தொட்டில புதைச்சப்ப படியில நின்னு பாத்தேன்."

"ஏன் பாப்பா சொல்லல?"

"நீ அழுவேன்னு."

அவள் வாளி விளிம்பில் விரலால் கோடு போட்டுக்கொண்டே இருந்தாள்.

"அப்பா விஷயமும் தெரியும்" என்றாள்.

ஐந்து வயதுக் குழந்தை அத்தான். இவ்வளவு நாளும் என்னைக் கப்பலில் இருப்பவளைப் போல வைத்துக் காப்பாற்றியிருக்கிறாள்.

அக்டோபர் 23

புதியவளைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். துடுப்பு வளர்ந்துவிடும், மருந்துத் தண்ணீரில் விடுகிறேன் என்று மட்டும் கடைக்காரர் சொன்னார்.

சாயங்காலம் மாமியிடம், "குடுத்துருங்க" என்றேன். என்ன என்று மாமி கேட்கவில்லை. என் தலையைத் தன் மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

நவம்பர் 2

விடிந்ததிலிருந்து தூறல். கல்லறைத் தோட்டம் முழுக்கக் குடையும் பூவும் மெழுகுவர்த்தியும். வெள்ளையடித்த கல்லறைகள் எல்லாம் நனைந்து பளபளவென்று இருந்தன. உங்களுக்கு ஒரு கல்லறை இல்லை. மாமா கல்லறையின் ஓரத்தில், கால்மாட்டில், ரூபிஸ்டன் கொஞ்சம் மணலைக் குவித்து இடம் செய்தார். ஜியானா அதில் மெழுகுவர்த்தியை நட்டாள். காற்றில் அணைந்துகொண்டே இருந்தது. ரூபிஸ்டன் குந்தி உட்கார்ந்து குடையை அதற்குப் பிடித்தார்.

பூசையில் பெயர்களை வாசித்தார்கள். வரிசையில் உங்கள் பெயரும் வந்தது. அதற்கு முன்னாலும் ஒரு பெயர், பின்னாலும் ஒரு பெயர். உங்கள் பெயரில் ஒரு நொடி நிறுத்தக்கூட இல்லை, அடுத்த பெயருக்குப் போய்விட்டார்கள்.

பூசை முடிந்து எல்லோரும் கிளம்பியபோது மாமி மட்டும் அந்த மணல் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டார்கள். செபம் சொல்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். பக்கத்தில் போனபோது காதில் விழுந்தது.

"ஏ டெனி, உங்கிட்ட சொல்லல மக்கா. நீ போன மாசமே எனக்குக் கண்ணு ஆப்பரேசன் பண்ணுனாங்க. ஏம்மா கண்ணாடி போட்டிருக்கன்னு போன்ல கேட்ட, சும்மா வெயிலுக்குன்னு சொன்னேன். வெயிலுக்கு இல்ல. இடது கண்ணு சரியாத் தெரியல இன்னும். பிறகு, உங்க பெரியப்பா போயிட்டாரு, மே மாசக் கடைசில. நீ கேக்கும்போதெல்லாம் ஊருக்குப் போயிருக்காருன்னேன். கிணத்துத் தண்ணி உப்பாப் போச்சு. உன் சைக்கிள எவனோ எடுத்துட்டுப் போயிட்டான்..."

ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார்கள். அழவில்லை. நீங்கள் லீவில் வந்து, குளித்து, சாப்பிட உட்காரும்போது எதிரில் உட்கார்ந்து சொல்வார்களே, அந்தக் குரல். இனி உங்களிடம் மறைக்க வேண்டியதில்லை என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. உங்களுக்கு டூட்டி முடிந்துவிட்டது.

நானும் சொல்லிவிடுகிறேன்.

பெரியவள் ஆகஸ்ட் 22 காலையில் செத்துவிட்டாள். அன்று நலம் என்று எழுதினேன். எல்லோரும் போட்ட இரை அழுகித் தண்ணீர் கெட்டுப்போனது. நான் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அப்பா வந்தால் ஏசுவார் என்று உங்கள் மகள் சொல்லியும் எழுந்திருக்கவில்லை. மல்லிகைத் தொட்டியில் இருக்கிறாள். செடியும் பட்டுக்கொண்டு வருகிறது, உப்பு ஏறிவிட்டது போல.

ஜியானா ஒரு வாரம் வகுப்பில் வாயே திறக்கவில்லை என்று மிஸ் கூப்பிட்டுச் சொன்னார். படுக்கையை நனைக்கிறாள். பல் இருந்த தீப்பெட்டியை இன்று கல்லறைத் தோட்டத்துக்கு எடுத்து வந்து, வைக்காமல் திரும்ப எடுத்து வந்துவிட்டாள். நான் கேட்கவில்லை.

எனக்கு முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. உங்கள் நீலச் சட்டையைத் துவைக்காமல் வைத்திருந்தேன், சித்தி உதவி செய்கிறேன் என்று துவைத்துப் போட்டுவிட்டார்கள். அன்று அவர்களை ஏசினேன், மன்னிப்பு இன்னும் கேட்கவில்லை. ரூபிஸ்டனும் இரண்டு வாரமாக மாடிக்கு வரவில்லை. கேனைக் கீழேயே வைத்துவிட்டுப் போகிறார். இன்றுதான் கூப்பிட்டுச் சோறு போட்டேன்.

கடைசியாகப் பேசிய அன்று பால் பொங்குகிறதென்று அவசரத்தில் போனை வைத்துவிட்டேன். நீங்கள் இன்னும் ஏதோ சொல்ல வந்தீர்கள். அது என்னவென்று தெரியாமல்தான் இருக்கிறேன்.

இவ்வளவுதான். இனி மறைத்தது எதுவும் இல்லை.

சின்னவனை இனி சின்னவன் என்று கூப்பிட முடியாது என்று ஜியானா சொல்கிறாள். உடம்பு நன்றாக இருக்கிறது. பானை ஓட்டுக்குள் முழு இடத்தையும் எடுத்துக்கொண்டு படுக்கிறது, நான் கண்ணாடிப் பக்கம் வந்தாலே மேலே வந்துவிடுகிறது. நான் இன்னும் நீங்கள் சொன்ன அளவையே போட்டு, பாதியை உறிஞ்சி வெளியே கொட்டிக்கொண்டிருக்கிறேன். இப்படியே எத்தனை நாள் செய்வது? நீங்கள் இரண்டு மீனுக்கான அளவைத்தான் சொல்லிவிட்டுப் போனீர்கள். உங்கள் நகத்துக்கும் என் நகத்துக்கும் நடுவில் என்று. ஒற்றை மீனுக்கு எவ்வளவு போடுவது என்று எனக்குத் தெரியவில்லை அத்தான். சீக்கிரம் பதில் போடுங்கள்.